கணிப்பு தவறும் இடம்

வலையமைப்புத் துறையின் சான்றிதழ்த் தேர்வுகள் இரு வகைப்படும். தரப்பட்ட விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்கச் சொல்பவை ஒரு வகை. ரவுட்டர்களையும் ஸ்விட்சுகளையும் தேர்வரின் கையில் ஒப்படைத்து, வேலை செய்யும் ஒரு வலையமைப்பைக் கட்டவோ பழுதடைந்த ஒன்றைச் சீராக்கவோ சொல்லும் செய்முறைத் தேர்வுகள் மற்றொரு வகை. ஒரே வலையமைப்புக்குள் இருக்கும் கணினிகளை இணைப்பது ஸ்விட்ச் என்றும், ஒரு வலையமைப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தரவுப் பொட்டலங்களை வழிகாட்டி அனுப்புவது ரவுட்டர் என்றும் இப்போதைக்குக் கொண்டால் போதும். செய்முறைத் தேர்வுகளில் உலகளவில் மிகவும் பெயர் பெற்றது, சிஸ்கோ நிறுவனம் 1993இல் தொடங்கிய சிசிஐஇ தேர்வு. அந்நிறுவனத்துக்கு வெளியிலிருந்து முதன்முதலில் தேறிய டெரி ஸ்லாட்டரி அதே ஆண்டில் 1026 என்ற சான்றிதழ் எண்ணைப் பெற்றார். 1024 என்ற எண் தேர்வுக்கூடத்துக்கே வழங்கப்பட்டிருந்தது. தொடக்கத்தில் இத்தேர்வு இரண்டு நாள்கள் நீடித்தது. இரண்டாம் நாள் பிற்பகலில், தேர்வர் தாமே கட்டிய வலையமைப்பில் கண்காணிப்பாளர் வேண்டுமென்றே பழுதுகளைப் புகுத்திவிடுவார். எங்கே எது கெட்டது என்பதைத் தேடிக் கண்டுபிடிப்பது தேர்வரின் பொறுப்பு. 2001இல் தேர்வு ஒரே நாளாக, எட்டு மணி நேரமாகச் சுருங்கியது. 2020 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அமைப்பில் முதல் மூன்று மணி நேரம் வடிவமைப்புக்கும், அடுத்த ஐந்து மணி நேரம் நிறுவுதல், இயக்குதல், மேம்படுத்துதல் ஆகியவற்றுக்கும் ஒதுக்கப்பட்டது. இந்தியாவில் இதற்கான நிலையான தேர்வுக்கூடம் பெங்களூரில் உள்ளது.

இத்தேர்வின் விதிகளுள் ஒன்று இந்த அத்தியாயத்தின் பொருளுக்கு அடிப்படையானது. இரு பகுதிகளின் மதிப்பெண்களைக் கூட்டி வரும் மொத்தம் தேர்ச்சி அளவை எட்டினால் மட்டும் போதாது. ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியே ஒரு குறைந்தபட்ச அளவையும் தாண்டியாக வேண்டும். நன்றாகத் தெரிந்ததை மேலும் மெருகேற்றி, தெரியாததன் இழப்பை அதைக்கொண்டு ஈடுகட்டும் வழி அங்கே அடைக்கப்பட்டிருக்கிறது. இது தேர்வை வகுத்தவர்களின் கடுமை என்று கொள்ளத் தேவையில்லை, ஏனெனில் வலையமைப்பின் இயல்பே அதுதான்: பத்து ரவுட்டர்களில் ஒன்பது பிழையின்றி அமைந்து ஒன்று மட்டும் தவறாக அமைந்தால், அதன் வழியே செல்ல வேண்டிய பொட்டலம் தொண்ணூறு விழுக்காடு தூரம் போய்ச் சேர்ந்ததாகக் கணக்கில் வராது, சேரவே இல்லை என்றுதான் ஆகும்.

ஆகவே பலவீனமான பகுதிகளை வலுப்படுத்த வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருப்பதில்லை. கேள்வி, பலவீனம் எங்கே இருக்கிறது என்பதை எப்படி அறிவது என்பதுதான். பெரும்பாலான தேர்வர்கள் இதற்குப் பாடத்தின் பெயரால் விடை சொல்லிவிடுகிறார்கள். சிசிஎன்ஏ என்ற தொடக்கநிலைத் தேர்வின் பாடத்திட்டம், 2020இல் வந்த வடிவத்தில், ஆறு பிரிவுகளைக் கொண்டது. அவற்றுள் ஐபி இணைப்பு என்ற பிரிவுக்கு 25 விழுக்காடும், வலையமைப்பு அடிப்படைகளுக்கும் வலையமைப்பு அணுகலுக்கும் தலா 20 விழுக்காடும் எடை தரப்பட்டிருந்தன. தேர்வு முடிந்ததும் வரும் மதிப்பெண் அறிக்கை பிரிவு வாரியாகத்தான் பேசும். அதைப் பார்க்கும் தேர்வர் "ரவுட்டிங்கில் வலுவில்லை" என்று முடிவுசெய்து, அந்த அத்தியாயங்களை முதலிலிருந்து மறுபடியும் வாசிக்கத் தொடங்குகிறார். அவர் வாசிக்கும் நூறு பக்கங்களில் தொண்ணூறு பக்கங்கள் ஏற்கெனவே அவருக்குத் தெரிந்தவையாக இருக்கக்கூடும். தெரியாத பத்துப் பக்கங்களையும், தெரிந்தவற்றைக் கடக்கும் அதே வேகத்தில் அவர் கடந்துவிடுகிறார்.

இதை விளங்கிக்கொள்ள ரவுட்டிங் என்பது என்ன என்று பார்க்க வேண்டும். சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்ல இரண்டு முக்கியச் சாலைகள் உள்ளன: திருவள்ளூர், திருத்தணி, நகரி வழியாகச் செல்வது ஒன்று, பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, நாகலாபுரம், பிச்சாட்டூர், நாராயணவனம் வழியாகச் செல்வது மற்றொன்று, இரண்டும் புத்தூரில் கூடுகின்றன. வடகிழக்குப் பருவமழை வலுத்து, பிச்சாட்டூர் ஆரணியாறு அணையின் உபரிநீர் திறந்துவிடப்பட்டு, ஊத்துக்கோட்டையில் தரைப்பாலம் மூழ்கிய ஆண்டுகளில், ஆற்றங்கரை வரை வந்து திரும்பிய வண்டிகளும் உண்டு. செய்தி முன்கூட்டியே எட்டியதால் தொடக்கத்திலேயே திருத்தணிச் சாலையைப் பிடித்த வண்டிகளும் உண்டு. கையால் எழுதி வைத்த நிலையான வழி, பாலம் மூழ்கியதை அறியாத வழிகாட்டிப் பலகைக்குச் சமம். ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று செய்தி பரிமாறி, மாறும் நிலைமைக்கேற்பத் தம் வழிகளைத் திருத்திக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு ரவுட்டிங் நெறிமுறை என்று பெயர்.

அத்தகைய நெறிமுறைகளுள் ஒன்றான ஓஎஸ்பிஎஃப், 1998 ஏப்ரலில் வெளியான ஆர்எஃப்சி 2328 என்ற ஆவணத்தில் அதன் இன்றைய இரண்டாம் பதிப்பாக வரையறுக்கப்பட்டது. இரண்டு ரவுட்டர்கள் வழிகளைப் பகிரத் தொடங்கும் முன்னர் அண்டை உறவு ஒன்றை ஏற்படுத்திக்கொள்கின்றன; அந்த உறவு டவுன், இனிட், டூ-வே, எக்ஸ்ஸ்டார்ட், எக்ஸ்சேஞ்ச், லோடிங், ஃபுல் என்ற நிலைகளைக் கடந்து முழுமையடைகிறது. "ஓஎஸ்பிஎஃப் எனக்கு வராது" என்று சொல்லும் நான்கு மாணவர்களை நான்கு பழுதுகளுக்கு முன்னால் அமர்த்தினால், ஒரே பெயருக்குள் நான்கு வேறு அறியாமைகள் ஒளிந்திருப்பது தெரியவரும்.

முதல் பழுதில் உறவு இனிட் நிலையிலேயே நின்றுவிடுகிறது. எதிர் ரவுட்டர் தன்னை அறிவிக்க அனுப்பும் ஹலோ செய்தி இங்கே வந்து சேர்கிறது, ஆனால் அச்செய்திக்குள் இருக்க வேண்டிய அண்டை ரவுட்டர்களின் பட்டியலில் இந்த ரவுட்டரின் பெயர் இல்லை என்பதுதான் இந்த நிலையின் பொருள். அதாவது இங்கிருந்து போகும் ஹலோ அங்கே சென்று சேரவில்லை, இடையில் ஒரு வடிகட்டி அதைத் தடுத்திருக்கலாம். இதைத் தவறவிடும் மாணவருக்குத் தெரியாதது, தொடர்பு இரு திசைகளிலும் தனித்தனியே நிரூபிக்கப்பட வேண்டும் என்ற கருத்து. இரண்டாம் பழுதில் ஒரு முனையில் 192.168.10.1/24 என்ற முகவரியும் மறுமுனையில் 192.168.10.2/25 என்ற முகவரியும் இடப்பட்டிருக்கின்றன. சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் எண், முகவரியின் எத்தனை பிட்டுகள் வலையமைப்பைக் குறிக்கின்றன என்பதைச் சொல்லும் சப்நெட் மாஸ்க். இரு முகவரிகளும் சிறிய வரம்புக்குள்ளேயே அடங்குவதால், மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் சோதனை வெற்றியாக வந்துவிடுகிறது. இருந்தும் ஈத்தர்நெட் இணைப்பில் ஹலோ செய்திகளின் மாஸ்க் ஒத்திருக்க வேண்டும் என்பது விதி என்பதால் உறவு ஏற்படுவதே இல்லை. பிங் போனால் இணைப்பு சரி என்று நம்பும் மாணவர் இங்கே மணிக்கணக்கில் தேங்கிவிடுகிறார்.

மூன்றாவது, எக்ஸ்ஸ்டார்ட் நிலையில் உறவு சிக்கிக்கொள்வது. ஹலோ செய்திகள் சிறியவை என்பதால் தடையின்றிப் போய்வருகின்றன. ஆனால் அடுத்துப் பரிமாறப்படும் தரவுத்தள விவரச் செய்தியில், அந்த முனை ஒரே பொட்டலமாக அனுப்பக்கூடிய மிகப் பெரிய அளவு, அதாவது எம்டியு, எழுதப்பட்டிருக்கும். அந்த அளவு தன்னால் ஏற்கக்கூடியதைவிடப் பெரிதாக இருந்தால் பெறும் ரவுட்டர் அச்செய்தியை ஒதுக்கிவிடும். நான்காவது பழுது, பழுதே அல்ல. ஒரே ஈத்தர்நெட்டில் பல ரவுட்டர்கள் இருக்கும்போது, அவை தமக்குள் டிஆர் எனப்படும் ஒரு பொறுப்பு ரவுட்டரையும் அதற்கு ஒரு துணையையும் தேர்ந்தெடுத்து, அவ்விரண்டுடன் மட்டுமே முழு உறவு கொள்கின்றன. மற்றவை ஒன்றுக்கொன்று டூ-வே நிலையில் நிற்பதே முறை. இதை அறியாத மாணவர் நன்றாக இருப்பதைச் சீராக்க முயன்று கெடுத்துவிடுகிறார். இந்த நால்வருக்கும் ஓஎஸ்பிஎஃப் அத்தியாயத்தை மறுபடியும் வாசியுங்கள் என்று ஒரே ஆலோசனை சொல்வது, நான்கு நோயாளிகளையும் பரிசோதிக்காமல் ஒரே மருந்தை எழுதிக் கொடுப்பது போன்ற அநீதி.

பலவீனத்தின் இருப்பிடத்தைக் கண்டறிய நம்பத்தக்க வழி ஒன்று உண்டு. அது எளியது, ஆயினும் மிகக் குறைவாகவே கையாளப்படுகிறது. ஒவ்வொரு கட்டளையையும் தட்டச்சு செய்து என்டர் விசையை அழுத்துவதற்கு முன்னால், திரையில் என்ன தோன்றும், ரவுட்டிங் அட்டவணையில் எந்த வரி மாறும், அண்டை உறவு எந்த நிலையை அடையும் என்பதை நோட்டில் எழுதிவிட வேண்டும். பிறகு விசையை அழுத்தி, எழுதியதையும் வந்ததையும் ஒப்பிட வேண்டும். எழுதியது சரியாக வந்தால் அந்தப் பகுதி உறுதியானது. தவறினால், எந்த வரியில் தவறியதோ அந்த வரியே பலவீனத்தின் முகவரி. வெறுமனே செய்து பார்ப்பவருக்கு வலையமைப்பு வேலை செய்கிறது என்ற செய்தி மட்டும் கிடைக்கிறது, அது ஏன் வேலை செய்கிறது என்பது அவருக்குத் தெரிந்ததா என்ற செய்தி கிடைப்பதில்லை. இந்தப் பழக்கத்தைக் கற்றுத்தராத பயிற்சி வகுப்பு, மாணவர் கட்டிய கட்டணத்துக்கு நியாயம் செய்ததாகச் சொல்ல முடியாது.

மறுவாசிப்பு ஏன் ஏமாற்றுகிறது என்பதற்கு உளவியல் ஆய்வுகள் தெளிவான சான்று தருகின்றன. 2006இல் ரோடிகரும் கார்ப்பிக்கும் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழுவினர் ஓர் உரைநடைப் பகுதியை நான்கு சுற்றுகள் வாசித்தார்கள். இன்னொரு குழுவினர் ஒரு சுற்று வாசித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்கள் 83 விழுக்காடும், எழுதிப் பார்த்தவர்கள் 71 விழுக்காடும் நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது: வாசித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. படித்து முடித்த மாலையில் எழும் நம்பிக்கை, தேர்வு நாளின் நிலையைச் சரியாகச் சொல்வதில்லை என்பதே இதன் பொருள். மறுவாசிப்பில் எழுத்துகள் பழகிப்போகின்றன, அந்தப் பழக்கத்தை மனம் அறிவு என்று எடுத்துக்கொள்கிறது.

மேற்சொன்ன நான்கு பழுதுகளும் ஒரே நெறிமுறைக்குள் அடங்கியவை. உயர்நிலைத் தேர்வுகளில் தேர்வரை வீழ்த்துபவை பெரும்பாலும் அதைவிட நுட்பமான இடத்தில், இரண்டு பாடங்கள் சந்திக்கும் மூட்டில் இருக்கின்றன. ஒரு பக்கம் ஆர்ஐபி என்ற பழைய நெறிமுறையும் மறுபக்கம் ஓஎஸ்பிஎஃபும் இயங்கும் வலையமைப்பு ஒன்றில், எல்லையில் இரண்டு ரவுட்டர்கள் நின்று, ஒரு பக்கத்து வழிகளை மறுபக்கத்துக்கு மொழிபெயர்த்துத் தருவதாகக் கொள்வோம். இதற்கு மறுபகிர்வு என்று பெயர். ஒரே இடத்துக்கான வழி இரண்டு நெறிமுறைகளிலிருந்தும் வந்தால் எதை நம்புவது என்பதற்குச் சிஸ்கோ கருவிகள் ஓர் எண்ணைப் பயன்படுத்துகின்றன. எண் சிறிதானால் நம்பகம் அதிகம். ஓஎஸ்பிஎஃபுக்கு 110, ஆர்ஐபிக்கு 120. இப்போது ஆர்ஐபி பக்கத்தில் பிறந்த ஒரு வழியை முதல் எல்லை ரவுட்டர் ஓஎஸ்பிஎஃபுக்குள் அனுப்புகிறது. அது சுற்றிக்கொண்டு இரண்டாம் எல்லை ரவுட்டரை அடைகிறது. அந்த ரவுட்டருக்கு அதே வழி ஆர்ஐபியிலிருந்து நேராகவும் தெரியும். ஆனால் 110 என்பது 120ஐவிடச் சிறிது என்பதால், நேர்வழியை விட்டுச் சுற்றுவழியை அது நம்பிவிடுகிறது. நம்பியதோடு நில்லாமல், அதை மறுபடி ஆர்ஐபி பக்கத்துக்கே திருப்பி அனுப்புகிறது. அங்கே அது குறைந்த தூரத்துடன் அறிவிக்கப்பட்டால், ஆர்ஐபி ரவுட்டர்களும் அதன் பக்கம் திரும்ப, பொட்டலங்கள் வட்டமாகச் சுழலத் தொடங்குகின்றன.

இங்கே ஆர்ஐபி தவறு செய்யவில்லை, ஓஎஸ்பிஎஃபும் தவறு செய்யவில்லை. இரண்டையும் தனித்தனியே நூற்றுக்கு நூறு அறிந்த மாணவரும் இந்தச் சுழலுக்கு முன்னால் திகைத்து நிற்பது இயல்பே, ஏனெனில் பாடத்திட்டத்தின் எந்த ஒரு தலைப்பின் கீழும் இந்தப் பலவீனம் பதிவாவதில்லை. மறுபகிர்வு செய்யும் வழிகளுக்கு அடையாள எண் ஒன்றை இட்டு, அந்த அடையாளத்துடன் திரும்பி வருவதை எல்லையிலேயே தடுப்பது இதற்கான தீர்வு. ஆனால் தீர்வை மனப்பாடம் செய்தவரைவிட, குறிப்பிட்ட ஒரு வழி எந்த ரவுட்டரில் எந்த நெறிமுறையின் பெயரால் அமரும் என்று காகிதத்தில் ஒவ்வொரு ரவுட்டராகக் கணித்தவரே, எண்கள் மாற்றித் தரப்பட்ட தேர்வுத்தாளில் நிலைத்து நிற்பார்.

மூட்டுகளில் உள்ள பலவீனம் கலந்த பயிற்சியில்தான் வெளிப்படும். ரோரரும் டெய்லரும் 2007இல் வெளியிட்ட கணித ஆய்வு ஒன்றில், ஒரே வகைக் கணக்குகளைத் தொடர்ச்சியாகச் செய்தவர்கள் பயிற்சியின்போது 89 விழுக்காடு சரியாகச் செய்தார்கள்; வகைகளைக் கலந்து செய்தவர்கள் 60 விழுக்காடுதான். ஒரு வாரத்துக்குப் பிறகு நடந்த தேர்வில் முதல் குழு 20 விழுக்காட்டுக்கு வீழ்ந்தது, இரண்டாம் குழு 63இல் நின்றது. எந்த வகைக் கணக்கு என்பது முன்பே தெரிந்திருந்தால், அதை இனங்காணும் வேலை பயிற்சியில் நடப்பதே இல்லை. இன்று முழுவதும் பிஜிபி என்ற நெறிமுறை, நாளை முழுவதும் ஸ்பேனிங் ட்ரீ என்ற நெறிமுறை என்று நாள்களைப் பிரித்துக்கொள்ளும் மாணவர் ஒவ்வொரு மாலையும் நிறைவோடு எழுந்திருப்பார். ஆனால் செய்முறைத் தேர்வின் புகார்ச்சீட்டில், ஒரு கிளை அலுவலகத்திலிருந்து சர்வரை அடைய முடியவில்லை என்பது மட்டுமே எழுதியிருக்கும், எந்த அத்தியாயம் என்று எழுதியிருக்காது.

இடைவெளியும் அதே அளவு முக்கியமானது. செப்பேடாவும் அவருடைய குழுவினரும் 1,350 பேருக்கு மேற்பட்டோரிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு வாரத்தில் சோதனை என்றால் அந்தக் கால அளவில் 20 முதல் 40 விழுக்காடு இடைவெளி விட்டு மறுபடி படிப்பதும், ஓராண்டு கழித்து என்றால் 5 முதல் 10 விழுக்காடு இடைவெளி விடுவதும் நினைவுக்கு மிகவும் உகந்தவை. கணிப்பு தவறிய வரிகளை நோட்டில் தேதியிட்டு வைத்திருப்பவருக்கு, எதை எப்போது மறுபடி கட்டிப் பார்க்க வேண்டும் என்ற அட்டவணை தானாகவே உருவாகியிருக்கும்.

இவ்வளவுக்கும் கருவிகள் வேண்டாமா என்ற கேள்வி எழும். ஒரு காலத்தில் வேண்டியிருந்தது. பயன்படுத்திய ரவுட்டர்களை விலைக்கு வாங்கி வீட்டில் அடுக்கிவைத்துப் படித்தார்கள். உண்மையான ரவுட்டர் மென்பொருளைச் சாதாரணக் கணினியில் ஓடவைக்கும் டைனமிப்ஸ் என்ற நிரலும், அதன்மேல் எழுந்த ஜிஎன்எஸ்3யும், பின்னர் வந்த ஈவ்-என்ஜியும் அந்தத் தடையை நீக்கிவிட்டன. 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டியிருக்கும் பிச்சாட்டூர் போன்ற ஓர் ஊரில் பெரிய பயிற்சி நிலையத்தை எதிர்பார்க்க முடியாது. ஆயினும் போதிய நினைவகம் கொண்ட ஒரு மடிக்கணினி அங்கே இருந்தால், இருபது ரவுட்டர்கள் கொண்ட வலையமைப்பை அதற்குள்ளேயே கட்டலாம். மென்பொருளை ஒருமுறை இறக்கிக்கொண்ட பின், மழையில் இணைய இணைப்பு அறுந்தாலும் அந்த வலையமைப்பு அறுவதில்லை. ஒரு வேறுபாட்டை மட்டும் மனத்தில் கொள்ள வேண்டும். பேக்கெட் ட்ரேசர் போன்ற ஒப்புருவாக்கிகள் ரவுட்டரின் நடத்தையில் தேர்ந்தெடுத்த பகுதியை மட்டும் நடித்துக் காட்டுகின்றன. முதலில் சொன்னவையோ அசல் மென்பொருளையே ஓட்டுகின்றன. பேக்கெட் ட்ரேசரில் கணிப்பு தவறினால், தவறியது மாணவரின் அறிவாகவும் இருக்கலாம், கருவியின் எல்லையாகவும் இருக்கலாம். தொடக்கநிலைக்கு அது போதும். உயர்நிலைத் தேர்வுக்குத் தயாராகிறவர் அசல் மென்பொருளில்தான் தம்மைச் சோதிக்க வேண்டும்.

டம்ப்ஸ் என்று மாணவர்கள் அழைக்கும், கசிந்த கேள்வித்தொகுப்புகளை மனப்பாடம் செய்யும் வழக்கத்தைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். அது விதிமீறல் என்பது ஒருபுறம் இருக்க, கற்றலுக்கு அது செய்யும் கேடு குறிப்பிடத்தக்கது: விடை முன்பே தெரிந்திருப்பதால் மாணவர் எதையும் கணிப்பதில்லை, கணிக்காததால் அவருடைய கணிப்பு எங்கும் தவறுவதில்லை, தவறாததால் தம் பலவீனத்தைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிடைப்பதே இல்லை. வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு மருத்துவமனையின் அல்லது வங்கிக் கிளையின் வலையமைப்பு நின்றுபோகும் இரவில்தான் அது வெளிப்படும். அதன் விலையை அவர் மட்டுமல்லாமல் மற்றவர்களும் கொடுக்க நேரும்.

கடைசி வாரத்துப் பயிற்சியில் பலரும் விட்டுவிடும் ஒன்று, கட்டி முடித்த வலையமைப்பின் எல்லாக் கருவிகளையும் அணைத்து மறுபடி இயக்கிப் பார்ப்பது. அமைப்புகளைச் சேமிக்காமல் விட்டிருந்தால் அது உடனே தெரிந்துவிடும். சேமித்திருந்தாலும் சில வலையமைப்புகள் முன்பு போல எழுவதில்லை. ஓஎஸ்பிஎஃபில் ஒருமுறை டிஆராகத் தேர்வான ரவுட்டர், அதைவிட முன்னுரிமை மிக்க ரவுட்டர் பின்னால் வந்து சேர்ந்தாலும் தன் இடத்தை விட்டுக்கொடுப்பதில்லை. ஆகவே யார் முதலில் எழுந்தார்கள் என்பதைப் பொறுத்து டிஆர் மாறிவிடலாம். ஒரு மைய ரவுட்டரைச் சுற்றிக் கிளைகள் மட்டும் இணைந்த அமைப்பில், கிளை ரவுட்டர் ஒன்று முந்திக்கொண்டு டிஆர் ஆகிவிட்டால், அதற்கு மற்றக் கிளைகளுடன் நேரடித் தொடர்பு இல்லாததால் வழிகள் பரவாமல் நின்றுவிடும். கிளைகள் அனைத்திலும் முன்னுரிமை எண்ணைப் பூஜ்ஜியமாக வைத்து, அவை அந்தப் போட்டியிலேயே கலந்துகொள்ளாதபடி செய்திருக்க வேண்டும். காலையில் கட்டும்போது மைய ரவுட்டரை முதலில் அமைத்ததால் எல்லாம் ஒழுங்காக இயங்கிய வலையமைப்பில் இந்தக் குறை கண்ணுக்குப் படுவதே இல்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மறுபடி இயக்குவதற்கு முன்னால், எந்த ரவுட்டர் டிஆர் ஆகும் என்று நோட்டில் எழுதிவைத்தவருக்கே அது புலப்படும்.